பார்வையாளனின் காப்பு

மாதத்துக்கு ஒரு நாடகமாவது நேரில் பார்ப்பது என்று எனக்கே ஒரு நிபந்தனை விதித்துக்கொண்டிருக்கிறேன். நல்ல நாடகம் என்று கூடச் சொல்லிக்கொள்ளவில்லை, நாடகம், அவ்வளவுதான். ரசனையைக் கடமையாக்குவது ரசனையைக் கொல்வதற்குச் சமம் என்கிறார்கள் நண்பர்கள். விருப்பத்தால் அல்லாமல் தீர்மானத்தால் வந்து உட்காருகிறவன் பார்வையாளனா, அல்லது ஒரு நாற்காலியை நிரப்பும் வெறும் உடம்பா? கேள்வி நியாயமானது.

நான் படிக்காமல் விட்ட நாவல் அலமாரியில் காத்திருக்கும். திரைப்படம் அன்று பெட்டிக்குள்ளும் இன்று கைபேசிக்குள்ளும், எவரும் பார்க்காவிட்டாலும் முழுமையாகவே இருக்கிறது. நாடகத்துக்கு இந்தச் சேமிப்பு இல்லை. ஒப்பனை, உடை, ஒளி, காட்சியமைப்பு என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனாலும் நாடகம் மிஞ்சும், நடிகனுக்கும் பார்வையாளனுக்கும் இடையே உயிரோடு நிகழும் உறவைக் கழித்தால் மிஞ்சாது என்பது போலந்தின் க்ரோட்டோவ்ஸ்கி 1960களில் வந்தடைந்த முடிவு. இதை நடிகனைப் பற்றிய கோட்பாடாகவே நாம் பெரும்பாலும் எடுத்துக்கொண்டோம். பார்வையாளன் மீதும் இதில் ஒரு பொறுப்பு சுமத்தப்பட்டிருக்கிறது. நான் போகாத நாடகம் எனக்குக் கிடைக்காமல் போன நாடகம் மட்டுமல்ல. என் அளவுக்குக் குறைந்து நிகழ்ந்த நாடகமும்கூட.

தமிழில் நாடகம் இல்லை என்ற புலம்பல் பழையது. 1977இல் கூத்துப்பட்டறையும் 1978இல் பரீக்ஷாவும் நிஜ நாடக இயக்கமும் தோன்றிய பிறகும் அது ஓயவில்லை. எழுதுகிறவர்களையும் நடிக்கிறவர்களையும் எண்ணினோம். பார்க்கிறவனாக நம்மை எண்ணிக்கொள்ளவில்லை. பத்திரிகையில் பிரதியைப் படித்துவிட்டு நாடகத்தையே அறிந்துவிட்டதாகக் கருதும் வசதி நமக்கு இருந்தது. ந. முத்துசாமியும் ஞாநியும் 2018இல் மறைந்தார்கள். அவர்களது பிரதிகள் இருக்கின்றன. அவர்கள் நிகழ்த்திய மாலைகள், அங்கே இருந்தவர்களின் நினைவில் மட்டும்.

வட மாவட்டங்களின் திரௌபதியம்மன் கோயில்களில் பாரத விழா நடக்கிறது. பகலில் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து, கடைசியில் படுகளம். காப்புக் கட்டிய ஊரில் உட்கார்ந்திருப்பவனிடம், உனக்குக் கூத்து பிடிக்குமா என்று எவரும் கேட்பதில்லை. அவன் நடுச்சாமத்தில் தூங்கிப்போகிறான்; துரியோதனன் வரும்போது விழித்துக்கொள்கிறான். அவனது கவனம் விட்டுவிட்டு வருகிறது; இருப்பு விடாமல் இருக்கிறது. கவனத்தை எந்தத் தீர்மானத்தாலும் வரவழைக்க முடியாது. அது வரக்கூடிய இடத்தில் இருப்பதைத் தீர்மானிக்க முடியும். நண்பர்களுக்கு நான் சொல்லக்கூடிய பதில் இதுதான்.

ஊரின் காப்பை நான் லட்சியமாக்கவில்லை. யார் எங்கே உட்காரலாம், யார் உள்ளேயே வரக்கூடாது என்பவற்றையும் அதே ஊர்க்கட்டுப்பாடுதான் விதித்தது. நகரத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதோடு அந்த நாள்கணக்கும் இல்லை. ஆகவே என் காப்பை நானே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. தனியன் கட்டிக்கொள்ளும் காப்பு பலவீனமானது. அவிழ்த்தால் ஏனென்று கேட்க ஆளில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று. கடமையாகப் போகிறவனுக்கு இரக்கம் வந்துவிடும். பாவம், கைக்காசைப் போட்டு, வேலை முடிந்த பிறகு ஒத்திகை பார்த்து ஏதோ செய்கிறார்கள் என்று மேடையிலிருக்கும் பொய்யை மன்னித்துவிடுவான். இது நடிகனை அவமதிப்பது. போவதாகத்தான் தீர்மானமே தவிர, பாராட்டுவதாக அல்ல. ஒருமுறை வந்து முகம் சுளித்துப் போகிறவன் தீர்ப்புச் சொல்கிறான். அவனுக்கு அதோடு முடிந்தது. அடுத்த மாதமும் வரப்போகிறவன் சொல்லும் கண்டனத்துக்கு அவனே பிணை. அடுத்த முறை நடிகன் முன்னால் அவன் உட்கார்ந்தாக வேண்டும்.

விருப்பம் தனக்கு ஏற்கனவே தெரிந்ததையே தேடிப்போகிறது. நான் தேர்ந்தெடுக்காத நாடகத்தின் முன்னால் என்னை உட்கார வைக்க விருப்பத்தால் ஆகாது. சலித்துப்போன மாலைகள் இதில் பல இருக்கும். சில மாதங்களில் மிஞ்சுவது சலிப்பு மட்டுமாகவே இருக்கலாம். அந்த மாலைகளையும் தன் கணக்கில் ஏற்றுக்கொள்ளாதவனுக்கு, தமிழில் நாடகம் இல்லை என்று குறைப்பட உரிமையில்லை.