பேரிலக்கியம் யாருக்கு?

தாய்மொழி மூலம் கல்வி பயிலும் மாணவனுக்கு ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும்போது, அம்மொழியின் பேரிலக்கியங்களுக்கு இடமளிக்க வேண்டுமா என்னும் வினா ஆசிரியரிடையே அடிக்கடி எழுகின்றது. விண்ணப்பம் எழுதவும் அறிவித்தலை வாசிக்கவும் தெரிந்தாற் போதும், ஷேக்ஸ்பியர் எதற்கு என்பதே பலர் கூறும் விடை. இது கற்பித்தல் முறை பற்றிய வினா மாத்திரமன்று. நீதி பற்றிய வினாவுமாகும்.

ஏனெனில், வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்கு எவரும் இவ்விடையைக் கூறுவதில்லை. தோட்டப்புறத்துப் பிள்ளைக்கும் கடலோரக் கிராமத்துப் பிள்ளைக்குமே 'பயன்படும் ஆங்கிலம்' விதிக்கப்படுகின்றது. ஒருவனுக்குச் சிந்திப்பதற்கு மொழி. மற்றவனுக்குக் கட்டளையை விளங்கிக்கொள்வதற்கு மொழி. 1945 இல் இலவசக் கல்வி திறந்துவிட்ட கதவை இப்பாகுபாடு ஓசையின்றிச் சாத்திவிடுகின்றது.

எனினும், இடர்ப்பாடு உண்மையானதே. நானூறாண்டுப் பழைமை வாய்ந்த மொழிநடை, சில நூறு சொற்களே அறிந்த மாணவனை மிரளச் செய்யும். முழு நாடகத்தையும் குறிப்புரையோடு மனனஞ் செய்வித்த பழைய முறையினால் மொழியும் வரவில்லை. இலக்கியச் சுவையும் வரவில்லை. 1920 களில் டாக்காவிற் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்னும் கல்வியாளர், சொற்களை வரையறுத்து எளிய வாசிப்பு நூல்களை ஆக்கியமை இத்தகைய இடர்ப்பாட்டைக் கருதியே. அப்பணியை நாம் குறைத்து மதித்தலாகாது.

ஆயின் எளிமையாக்கம் எதற்காகப் பிறந்தது? சார்ள்ஸ் லாமும் அவர் தமக்கை மேரியும் ஷேக்ஸ்பியர் நாடகங்களைக் கதைகளாக்கி 1807 இல் வெளியிட்டனர். ஆண்பிள்ளைகள் இளமையிலேயே தந்தையாரின் நூலகத்தினுட் புகுகின்றனர். பெண்பிள்ளைகளுக்கு அவ்வாய்ப்புப் பிந்தியே கிட்டுகின்றது. ஆதலால் சிறப்பாக அவர்களுக்கே எழுதியதாக அந்நூலின் முன்னுரை கூறுகின்றது. கடினமான இடங்களைச் சகோதரர்கள் விளக்கவேண்டும், மூலத்திலிருந்து ஏற்ற பகுதிகளை வாசித்துக் காட்டவேண்டும் எனவும் அது வேண்டுகின்றது. நூலகத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டோர் உள்ளே செல்வதற்கு அமைத்த ஏணி அது. நம் வகுப்பறைகளிலோ ஏணியோடு பயணம் முடிந்துவிடுகின்றது. கதைச்சுருக்கத்தைப் படித்து, பரீட்சை வினாவுக்கு விடையெழுதியபின் மூலநூலின் ஒரு பக்கத்தையேனும் காணாது மாணவன் வெளியேறுகின்றான்.

முழு நாடகம் வேண்டியதில்லை. ஒரு காட்சியின் சிறு பகுதி போதும். 'புயல்' நாடகத்தில், தன் தீவை இழந்து அடிமையாக்கப்பட்ட கலிபன், தனக்கு மொழி கற்பித்தோரையே அம்மொழியாற் சபிக்கும் இடத்தை எடுத்துக்கொள்வோம். அதிற் கடினமான சொற்கள் மிகச் சில. அவற்றைத் தமிழில் விளக்கி, மூலத்தை உரத்து வாசித்தபின், கலிபன் கூற்றில் நியாயமுண்டா என வகுப்பைக் கேட்கலாம். தமிழிலேயே விவாதம் தொடங்கட்டும். பின் இரண்டு ஆங்கில வாக்கியங்களில் அது முடியட்டும். தாய்மொழி இங்கு தடையன்று, பாலமே. விபுலாநந்த அடிகள் 1926 இல் வெளிவந்த 'மதங்க சூளாமணி'யில், ஷேக்ஸ்பியரைச் 'செகசிற்பியார்' எனப் பெயரிட்டு, அவர்தம் பன்னிரு நாடகங்களைத் தமிழ் நாடக மரபோடு இணைத்துக் காட்டியமை இதற்குச் சான்று.

ஆண்டான் மொழியென்று ஆங்கிலத்தை வெறுப்பதும், பிழைப்பு மொழியென்று அதனைச் சுருக்குவதும் உழைப்பவன் பிள்ளைக்கு ஒரே இழப்பையே தருகின்றன. எப்பிள்ளைக்கு எந்நூல் எட்டாதென்று பிள்ளையைக் கேளாமலே தீர்மானிக்கும் அதிகாரம் ஆசிரியருக்கு இல்லை. எட்டச் செய்வதே அவர் தொழில்.