நோய் காத்திருக்குமா?

வைத்தியர் மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டார். ஆயினும் காப்புறுதிக் கம்பனி சம்மதிக்கும்வரை அதன் செலவை அது ஏற்காது. ஐக்கிய அமெரிக்காவில் ‘முன் அனுமதி’ எனப்படும் இவ்வொழுங்கு பாரதூரமான அறநெறி வினா ஒன்றை எழுப்புகின்றது.

இவ்வொழுங்கு முற்றிலும் தீதென்று கூறுவதற்கில்லை. காப்புறுதி நிதி பலர் சேர்ந்து செலுத்திய பணம். தேவையற்ற சிகிச்சைக்கு அது விரயமானால் எல்லோரது தவணைப் பணமும் உயரும். காவல் வேண்டியதே. ஆனால் அக்காவலின் பாரத்தைச் சுமப்பவர் யார்?

முடக்குவாத நோயாளர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். மலிவான மருந்து பலன் தரவில்லை என்று காட்டிய பின்னரே பல வேளைகளில் அவருக்கு அடுத்த மருந்து அனுமதிக்கப்படும். அதற்கிடையில் சிதைந்த மூட்டு பழைய நிலைக்குத் திரும்பாது. கிடைக்கும் அனுமதிக்கும் தவணை உண்டு. நோய்க்கோ தவணை இல்லை. தாம் இன்னமும் நோயாளிதான் என்பதை அவர் மீண்டும் மீண்டும் நிரூபிக்க வேண்டியுள்ளது.

முதியோருக்கான அரச காப்புறுதியைத் தனியார் கம்பனிகள் நடத்தும் ‘மெடிக்கெயார் அட்வான்டேஜ்’ திட்டங்களில், 2022ஆம் ஆண்டு சுமார் 34 இலட்சம் கோரிக்கைகள் முழுமையாகவோ பகுதியாகவோ மறுக்கப்பட்டன. மேன்முறையீடு செய்யப்பட்டவை பத்தில் ஒன்றே. அவற்றுள் 83 வீதமானவற்றில் மறுப்பு மாற்றப்பட்டது! முறையிடாத எல்லோரது கோரிக்கையும் நியாயமானதென்று இதனால் முடிவுகட்ட இயலாது. எனினும் அவர்களுள் பலர் உரியதை இழந்திருப்பர் என ஐயுற இடமுண்டு. நோயால் களைத்தவரின் மௌனம் கம்பனிக்குச் சேமிப்பாகின்றது. எவரும் அவ்வாறு திட்டமிடாதிருக்கலாம், அநீதி அநீதியே.

திருத்தம் இயலாததன்று. ஒரு சேவைக்கான கோரிக்கைகளில் 90 வீதம் அங்கீகாரம் பெற்ற வைத்தியருக்கு முன் அனுமதியிலிருந்து விலக்களிக்கும் சட்டத்தை டெக்சாஸ் மாநிலம் 2021இல் இயற்றியது. 2024இல் மத்திய அரசு வெளியிட்ட விதி, மேற்கூறிய திட்டங்கள் உட்படப் பலவற்றுக்கு 2026 தொடக்கம் காலவரையறை விதித்தது. அவசர கோரிக்கைக்கு 72 மணித்தியாலத்திலும், ஏனையவற்றுக்கு 7 நாட்களிலும் முடிவு கூறவேண்டும். மறுத்தால் குறித்த காரணத்தையும் கூறவேண்டும்.

இவற்றின் அடிப்படை ஒன்றே. மறுக்கும் அதிகாரம் உடையவரே மறுப்பின் நியாயத்தைக் காட்டக் கடமைப்பட்டவர். அன்பான வாசகரே, பிறருக்கு அனுமதி வழங்கும் பொறுப்பு உமது மேசையிலும் இருக்கலாம். அங்கே கிடக்கும் விண்ணப்பம் காத்திருக்கும். அதற்குரிய மனிதரின் நோய் காத்திருக்குமா?