தண்டனையும் கருணையும்

போதைக்கு அடிமையானவன் குற்றவாளியா, நோயாளியா? இவ்வினா நீதிமன்றத்திற்கு மட்டும் உரியதன்று. நம் ஒவ்வொருவரின் மனசாட்சிக்கும் உரியது.

திருவனந்தபுரம் தம்பானூரில் ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் எதிரெதிரே அமைந்துள்ளன. இரவும் பகலும் மக்கள் வந்து செல்லும் அவ்விடத்தில் இரண்டு இளைஞர்கள் ஆளுக்கொரு சிறு கஞ்சாப் பொட்டலத்துடன் பிடிபடுவதாகக் கொள்வோம். ஒருவன் அதை மாணவர்களுக்கு விற்க வந்தவன். மற்றவன் அதுவின்றி ஒரு நாளையும் கழிக்க இயலாதவன். தராசில் இரண்டும் ஒரே எடைதான். தண்டனையும் ஒன்றாகவே இருப்பது நீதியாகுமா?

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் 2001-இல் திருத்தப்பட்டபோது, எடைக்கேற்பத் தண்டனை வகுக்கப்பட்டது. ஒரு கிலோவுக்குக் குறைவான கஞ்சா ‘சிறு அளவு’. இதற்கு இன்று ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். 20 கிலோவுக்கு மேல் ‘வணிக அளவு’. அதற்கு 10 முதல் 20 ஆண்டுகள் வரை கடுங்காவல்.

எடை உள்ளத்தை அளந்து காட்டாது என்பதைச் சட்டமும் அறிந்தே உள்ளது. போதைக்கு அடிமையான ஒருவர், போதைப்பொருளை உட்கொண்டதாகவோ, சிறு அளவு தொடர்பான குற்றம் புரிந்ததாகவோ குற்றம் சாட்டப்பட்டிருந்தாலும், தாமே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு ஏற்ற நிறுவனத்திலோ சிகிச்சை பெற்றால், அக்குற்றத்திற்காக அவர்மீது வழக்கு நடத்தலாகாது என்கிறது 64-ஏ பிரிவு. குற்றம் உறுதியான பின்னரும், அவரது சம்மதத்துடன், உடனே தண்டிக்காமல் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்திற்கு 39-ஆவது பிரிவு இடமளிக்கிறது.

இக்கருணை ஒழுக்கத்தைத் தளர்த்திவிடாதா? வாங்குபவன் இல்லையேல் விற்பவன் ஏது என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. ஆனால் சட்டம் அவனைக் குற்றமற்றவன் என்று கூறவில்லை. சிகிச்சையைப் பாதியில் கைவிட்டால் அப்பாதுகாப்பு திரும்பப் பெறப்படலாம். 39-ஆவது பிரிவின்படி விடுவிக்கப்படுபவரும், மீண்டும் அக்குற்றத்தைச் செய்வதில்லை எனப் பிணைப்பத்திரம் எழுதித் தர வேண்டும். எழுந்து நிற்க வேண்டிய பொறுப்பு விழுந்தவனுடையது. அதற்குக் கைகொடுப்பதே கருணை.

வங்க நாடக ஆசிரியர் கிரீஷ் சந்திர கோஷ் மதுப்பழக்கத்தில் மூழ்கியிருந்தவர். பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் அப்பழக்கத்தைப் போற்றவில்லை. ஆயினும் அவரைப் புறந்தள்ளவில்லை. அந்த அன்பே அவரது வாழ்வை மாற்றியது.

64-ஏ பிரிவின் உயிர்நாடி ‘தாமே முன்வந்து’ என்பதில் உள்ளது. கேரள அரசு 2016-இல் தொடங்கிய ‘விமுக்தி’ இயக்கத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை மையங்கள் இயங்குகின்றன. அவற்றின் வாயில்வரை வரவிடாமல் பலரைத் தடுப்பது எது? ஊர் என்ன சொல்லுமோ என்ற அச்சம். மகனின் நோயை மறைக்கும் பெற்றோர், அவமானத்திற்கு அஞ்சி அவன் வாழ்வையே இழக்க நேரிடுகிறது. அந்த ஊர் என்பது நாம்தான். அத்தகைய குடும்பத்தைக் காணும்போது ஏளனமின்றி அருகில் நிற்பதும், சிகிச்சைக்குத் துணை செல்வதும் இறைவனுக்குச் செய்யும் வழிபாடே ஆகும்.