நெருப்புக்குச் சாட்சி

மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது. இந்தியத் தர்க்க மரபில் இதைவிடப் பழகிப்போன எடுத்துக்காட்டு கிடையாது. மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் அளவையியல் சொல்லிக்கொடுக்கும்போதும் இதே மலைதான், இதே புகைதான். கூடவே போலிகளின் பட்டியலும் வருகிறது. ஆவியா, பனியா, புகையா என்று நிச்சயமில்லாத ஒன்றைப் பார்த்துவிட்டு 'நெருப்பு உண்டு' என்று முடிவுகட்டுவது அதில் ஒன்று.

வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில், வீட்டின் நிலவறையில் நிற்கும் கேஸ் ஃபர்னஸ் இந்தப் பாடத்தை ஒரு நாளைக்குப் பலமுறை ஒப்பிக்கிறது. அதற்குக் கண் கிடையாது. ஆனால் 'நெருப்பு இருக்கிறதா?' என்ற கேள்விக்கு அது சரியாகப் பதில் சொல்லியாக வேண்டும். நெருப்பு இல்லாமல் எரிவாயு மட்டும் வந்துகொண்டிருந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

அதனால் அது நடந்துகொள்ளும் விதம் ஒரு சந்தேகப் பிராணியுடையது. தெர்மோஸ்டாட் வெப்பம் கேட்டதும் வால்வைத் திறந்துவிடாது. முதலில், எரிந்த வாயுவை வெளியே தள்ளும் சின்ன விசிறியை ஓட்டும். விசிறி உண்டாக்கும் இழுவையை ஓர் அழுத்தச் சுவிட்ச் உணர்ந்து மூடிக்கொள்ள வேண்டும். விசிறி ஓடுவதற்கு முன்பே அந்தச் சுவிட்ச் மூடிக் கிடந்தால் இன்றைய கட்டுப்பாட்டுப் பலகைகள் அதையும் ஏற்பதில்லை. எதைக் கேட்டாலும் 'ஆமாம்' என்று சொல்கிறவனின் சாட்சி செல்லாது, அவ்வளவுதான். அதன்பிறகு பற்றவைப்பான் செக்கச்செவேலெனச் சூடாகும், வால்வு திறக்கும், சில விநாடிகளுக்குள் தீ இருப்பதற்கான சான்று வந்தாக வேண்டும். வராவிட்டால் வால்வு மூடும். சில முறை முயன்று பார்த்துவிட்டு, தன்னைத்தானே பூட்டிக்கொண்டு, ஒரு சின்ன விளக்கைச் சிமிட்டியபடி நிற்கும்.

தீக்குச் சாட்சி சொல்வது பென்சிலைவிட மெல்லிய ஓர் உலோகக் கம்பி. அதில் மாறுமின்சாரம் கொடுக்கிறார்கள். தீயில் அயனிகள் இருப்பதால் தீ மின்சாரத்தைக் கடத்தும். கம்பி சிறியது, எதிர்முனையான பர்னரோ பெரியது. அதனால் ஒரு திசையில் கூடுதலாகவும் மறுதிசையில் மிகக் குறைவாகவும் மின்சாரம் ஓடி, கடைசியில் சில மைக்ரோஆம்ப் நேர்மின்சாரம் மிஞ்சுகிறது. இந்தச் சுற்றிவளைப்பு எதற்கு? கம்பி எங்காவது சாய்ந்து உலோகத்தைத் தொட்டுவிட்டாலும் மின்சாரம் ஓடும், நிறையவே ஓடும். ஆனால் இரு திசையிலும் சமமாக ஓடும். பலகை அதைத் தீ என்று நம்பாது. பழுதுகூடப் போலிசெய்ய முடியாத சான்றைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆவியையும் புகையையும் பிரித்தறியச் சொன்ன அறவண அடிகள் பார்த்திருந்தால் தலையசைத்திருப்பார்.

ஆனால் சாட்சிக்கும் கண்ணில் புரை விழும். நாளடைவில் கம்பியின்மேல் மெல்லிய படிவு ஏறி, மின்சாரம் கடத்துவதைக் கெடுக்கிறது. தீ நன்றாகவே எரிகிறது, கம்பி 'இல்லை' என்கிறது, ஃபர்னஸ் அணைந்துவிடுகிறது. குளிர்காலத்தில் பழுதுபார்க்க வருகிறவர்கள் அடிக்கடி சந்திப்பது இதைத்தான். கம்பியைக் கழற்றி நன்றாகத் தேய்த்து மாட்டினால் வேலை முடிந்தது. எந்திரம் தவறிவிட்டதுதான், ஆனால் தவற வேண்டிய பக்கம் தவறியிருக்கிறது. பொய்யான 'இல்லை'க்கு விலை குளிர். பொய்யான 'ஆம்'முக்கு விலை உயிர். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது என்று வடிவமைத்தவர்கள் முன்கூட்டியே முடிவெடுத்திருக்கிறார்கள்.

இதே முடிவை மனிதர்களுக்கும் விதித்தவர் டபிள்யூ. கே. கிளிஃபர்ட். 1877-இல் வெளிவந்த 'நம்பிக்கையின் அறம்' என்ற கட்டுரையில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழையது என்று அவருக்கே சந்தேகம். இத்தனை பயணம் போய்வந்த கப்பல் இதையும் தாங்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, புலம்பெயரும் குடும்பங்களை ஏற்றி அனுப்பிவிடுகிறார். கப்பல் மூழ்குகிறது. அவர் குற்றவாளி என்பதில் யாருக்கும் தயக்கம் இருக்காது. கிளிஃபர்ட் அடுத்த படிக்குப் போகிறார்: கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் குற்றம் அதேதான். நம்புவதற்கு அவருக்கு உரிமை இருந்ததா என்பதுதான் கேள்வி. நம்பியது பலித்ததா என்பது அல்ல.

1896-இல் வில்லியம் ஜேம்ஸ் இதை மறுத்தார். சான்று வரும்வரை காத்திருப்பதும் ஒரு முடிவுதான், அதற்கும் விலை உண்டு என்றார் அவர். தவறிவிடுவோமோ என்ற பயத்தில் உண்மையையே இழந்துவிடலாம். வெளியே மைனஸ் 24 டிகிரி இருக்கும் இரவில் ஃபர்னஸ் பூட்டிக்கொண்டு நின்றால் ஜேம்ஸ் சொல்வது எலும்புவரை புரியும்.

எனக்கு இது ஒரு தொலைபேசி அழைப்பாக வந்தது. மின்னசோட்டாவில் இரண்டு தெரு தள்ளி இருக்கும் நண்பன். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள், திருச்சியிலிருந்து வந்திருந்த அம்மா. ராத்திரி பதினொன்றரை மணி.

"மச்சி, அழுத்தச் சுவிட்ச் எரர் காட்டுது. அந்த ரெண்டு முனையையும் ஒரு ஒயரால சேத்துட்டா ஓடிடும்னு வீடியோல காட்டுறான். முன்னாடியே சேத்தா கண்டுபிடிச்சுடுமாம், விசிறி ஓட ஆரம்பிச்சப்புறம் சேக்கணும். தெர்மோஸ்டாட்ட ஏத்தி வெச்சுட்டா விடியுறவரைக்கும் அணையாது. சேத்துடட்டுமா?"

"கார்பன் மோனாக்சைடு?"

"அதுக்குத்தான் அலாரம் இருக்கே."

கவனியுங்கள், அவன் முட்டாள் இல்லை. நல்ல பொறியாளன். அம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டே பேசினான். அவன் கேட்டதற்குள் ஜேம்ஸின் நியாயம் முழுசாக இருந்தது.

நான் இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, "அம்மாவையும் பிள்ளைங்களையும் கூட்டிட்டு இங்க வந்துடு." இன்னொன்று, "அதுக்கு முன்னாடி வெளிய போய் அந்த வெள்ளைக் குழாய் ரெண்டையும் பாரு." இன்றைய சிக்கன ஃபர்னஸ்கள் வெளிவிடும் வாயு அவ்வளவாகச் சூடு இல்லாதது. பிளாஸ்டிக் குழாய் வழியே, சுவரை ஒட்டி, தரையிலிருந்து கொஞ்ச உயரத்தில் வெளியேறும். காற்று அடித்துக் குவித்த பனி குழாய்களை மூடியிருந்தது. தள்ளிவிட்டு வந்து ஃபர்னஸை அணைத்துப் போட்டான், ஓடியது. சுவிட்ச் சொன்னது உண்மை, வெளியே போக வழி இல்லை.

இதை 'பார்த்தாயா, நான் சொன்னது சரி' என்று முடிப்பது சுலபம். அது நியாயமாகாது. அன்று குழாயில் பனி இல்லாமல், சுவிட்சுக்குப் போகும் ரப்பர் டியூபில் ஒரு வெடிப்பு மட்டும் இருந்திருக்கலாம். ஒயரைச் சேர்த்திருந்தாலும் எல்லோரும் கதகதப்பாகத் தூங்கி எழுந்திருப்பார்கள். கிளிஃபர்ட் கேட்பது அந்த இரவைப் பற்றித்தான்.

என் பதில் இது: சாட்சியைச் சந்தேகிப்பது வேறு, சாட்சியின் வாயைக் கட்டுவது வேறு. அனுபவமுள்ள தொழில்நுட்பரும் சோதனைக்காக அந்த முனைகளைச் சில விநாடி சேர்த்துப் பார்ப்பதுண்டு. கையில் அழுத்தமானி, கண் தீயின்மேல். அந்தச் சில விநாடிக்கு அவரே சுவிட்ச். காவலை எடுத்தவர் காவலாக நிற்கிறார். நண்பன் செய்யவிருந்ததோ காவலை எடுத்துவிட்டு உறங்கப் போவது. அதுவும் தனியாக அல்ல, தன்னிடம் எதுவும் கேட்கப்படாத மூன்று பேரைக் கூட வைத்துக்கொண்டு. கப்பலில் ஏறிய குடும்பங்களிடமும் யாரும் கேட்கவில்லை.

அலாரம் இருக்கிறதே என்ற வாதம் இன்னும் வழுக்கலானது. ஒரு சாட்சியை ஊமையாக்க இன்னொரு சாட்சியை ஜாமீன் கொடுப்பது அது. இயற்கை எரிவாயுவுக்குச் சொந்த வாசனை கிடையாது. 1937-இல் டெக்சாஸின் நியூ லண்டன் பள்ளிக்கூடத்தில் கசிந்த வாயு வெடித்து ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள், இறந்தார்கள். அதன்பிறகுதான் வாயுவில் நாற்றத்தைக் கலப்பது அங்கே சட்டமானது. நமக்கு எரிச்சலூட்டும் அந்த நாற்றமும் யாரோ விலைகொடுத்து வாங்கிய சாட்சிதான். கார்பன் மோனாக்சைடுக்கு அதுகூட இல்லை.

எங்கள் மென்பொருள் தொழிலில் ஒயரைச் சேர்ப்பது தினசரி நடப்பு. பிழைச் செய்தியைப் பிடித்து ஓசையில்லாமல் விழுங்கும் நான்கு வரி, தோற்கும் சோதனையை 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று அணைத்துவைப்பது, நள்ளிரவில் எழுப்பும் எச்சரிக்கையை முடக்கிவிட்டு மறப்பது. செய்கிறவர் மோசமானவர் இல்லை, களைத்தவர். ஆனால் விளைவு வந்து நிற்கும் வீட்டில் அவர் குடியிருப்பதில்லை.

ஜேம்ஸுக்கும் ஒரு கடன் பாக்கி இருக்கிறது. 'இல்லை' என்று சொல்லிவிட்டு ஒதுங்குவது அறம் அல்ல. அந்த 'இல்லை'யின் குளிரை யாரோ தாங்குகிறார்கள். மருந்து தர மறுக்கும் விதி, அடையாள அட்டை பொருந்தாததால் ரேஷனை நிறுத்தும் கணினி, கையெழுத்து வராததால் நகராத கோப்பு எல்லாமே தம்மளவில் ஜாக்கிரதைதான். ஃபர்னஸால் பூட்டிக்கொள்ள மட்டும்தான் முடியும், கம்பளி தர முடியாது. அதை மனிதர்கள்தான் தர வேண்டும். காவலை விட்டுவிடாதே என்று ஒருவரிடம் சொல்கிறவர், அன்றிரவு அவர் படுக்கத் தன் வீட்டில் இடம் ஒதுக்கியிருக்க வேண்டும். இடம் தர மனமில்லாத ஜாக்கிரதைதான் களைத்த மனிதனின் கையில் அந்த ஒயரைக் கொடுக்கிறது.