உடல்வருத்தம் கொலையை அறமாக்குமா?

கொல்பவனும் உடல் வருந்திப் பாடுபட்டால் கொலையின் குற்றம் குறையுமா? குறையும் என்று கருதுவோர் உலகில் பலர் உளர். அமெரிக்காவின் ராக்கி மலைகளில் ‘எல்க்’ எனப்படும் பெருமானைத் துப்பாக்கியின்றி வில்லால் வேட்டையாடுவோர் இத்தகையோர். காற்று மெலிந்த உயரத்தில் சுமையோடு ஏறி, தம் வாடை மானை எட்டாதவாறு காற்றின் திசையறிந்து, மிக அருகே நெருங்கினாலன்றி அம்பு பயன்படாது. இதற்கென அவர்கள் பல மாதம் உடலைப் பழக்குகின்றனர். விலங்கு தப்பிக்க வழியுண்டு; ஆதலின் இது நேர்மையான போட்டி என்பது அவர்தம் வாதம்.

இவ்வாதம் நம் நீலகிரிக்கும் புதிதன்று. ஆங்கிலேயர் அங்கே செங்குத்துப் பாறைகளில் ஏறி வரையாட்டைச் சுடுவதை வீரமெனக் கொண்டனர். 1877இல் வேட்டையாளர் சங்கம் ஒன்று அமைந்தது. 1879இல் வேட்டையை வரையறுக்கும் சட்டம் வந்தது. அக்கட்டுப்பாட்டால் பல உயிர்கள் பிழைத்தன என்பதை மறுத்தல் நேர்மையாகாது. ஆயினும், குறைந்த தீமை என்பது அறமாகிவிடாது.

நம் ஆசான்கள் ஹிம்சையை நான்காக வகுத்தனர். இல்லப் பணிகளில் நேர்வது ஆரம்பி. தொழிலில் நேர்வது உத்யோகி. தற்காப்பில் நேர்வது விரோதி. கொல்லவே கருதிக் கொல்வது சங்கல்பி. நெல்லிக்குப்பத்துக் கரும்பு வயலில் உழுபவனின் கொழுமுனையில் புழுக்கள் மடிகின்றன. அவன் நாடியது விளைவை, புழுவின் சாவையன்று. அதனையும் இயன்றவரை குறைப்பது அவன் கடமை. வேட்டையாளனுக்கு இவ்விளக்கம் பொருந்துமா? கொன்றதை உண்கிறோம் என்பான். உணவே நோக்கமாயின் இத்துணை அரிய வழியை ஏன் தேடினான்? வேறு வழியின்றிப் பசிக்காகக் கொல்பவன் நிலை வேறு. இவனோ தானே விரும்பி வருந்துகிறான். எத்துணை வருந்தினானோ, அத்துணை உறுதியாக எண்ணியிருக்கிறான். அவன் பெருமையாகக் கூறும் பாடே அவனது சங்கல்பத்துக்குச் சாட்சியாகிறது.

உடல்வருத்தத்தை நம் சமயம் இகழவில்லை. செஞ்சிக்கு அருகில் உள்ள திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நினைவைப் பழந்தமிழ்க் கல்வெட்டு இன்றும் தாங்கி நிற்கிறது. அவரும் குன்றேறினார், அவரும் வருந்தினார். ஆனால் அவ்வருத்தத்தின் விலையை வேறோர் உயிர் தரவில்லை.

துறவியர்க்கே அது இயலும் எனச் சிலர் கூறலாம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின், வரையாடு வாழும் அதே பாறைகளில் மனிதர் ஏறுவது நின்றுவிடவில்லை. சுடுவதற்காக அன்றி, எண்ணுவதற்காக ஏறுகின்றனர். 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் 1,031 வரையாடுகள் காணப்பட்டன. அதே மலை, அதே மூச்சிரைப்பு, அதே பொறுமை, காற்றறிந்து மறைந்து நெருங்கும் அதே திறமை. மாறியது கருத்து ஒன்றே.

ஆகவே, மலையேறத் துடிக்கும் நம் இளைஞரைத் தடுக்க வேண்டுவதில்லை. மலையின் அருமை ஏறுவதில் உள்ளது, கொல்வதில் இல்லை. நம் வலிமையை அளந்தறிய, நம்மோடு போட்டியிட இசையாத ஓர் உயிரை அளவுகோலாக்குதல் ஆகாது.