செங்கல்லைவிட மென்மையான சாந்து



இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷயர் வாரிக்ஷயர் ரயில்வே என்றொரு பழைய பாதை இருக்கிறது. அந்தப் பாதையில் உள்ள பிராட்வே என்னும் ஊரின் நிலையம் 1960-இல் மூடப்பட்டது. 1976-இல் ஒரு சரக்கு ரயில் தடம்புரண்ட பிறகு பாதையே மூடப்பட்டு, தண்டவாளத்தையும் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். ரயிலை நேசித்த சாதாரண மக்கள் கூலி வாங்காமல் உழைத்து அதை மீண்டும் அமைத்தார்கள். 1984-இல் சிறிது தூரம் மட்டும் ஓடத் தொடங்கிய ரயில், 2018 மார்ச் 30 அன்று பிராட்வேயை எட்டியது. அன்று புனித வெள்ளி.

நீராவி எஞ்சின் மண்கரையின்மேல் புகைவிட்டுப் போகும்போது பிள்ளைகள் கையசைப்பார்கள், பெரியவர்கள் படம் எடுப்பார்கள். கரைக்கு அடியில் ஓடைநீரைக் கடத்திவிடும் செங்கல் மதகுகளை யார் பார்க்கிறார்கள்? உள்ளே இருட்டு, சேறு, கல்லைப் பிளந்து இறங்கிய மரவேர். தன்னார்வலர்கள் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு அதற்குள் குனிந்து நுழைகிறார்கள். வண்டலை வாரி வெளியே கொட்டுகிறார்கள். உதிர்ந்துபோன செங்கல்லை எடுத்துவிட்டு வேறு கல் வைக்கிறார்கள். இடுக்குகளைச் சுரண்டிச் சாந்து அடைக்கிறார்கள். களிமண் கரைக்குள் தண்ணீர் தேங்கினால் கரை கனத்து வழுக்கிவிடும். இதே பாதையில் 2010-இல் ஓரிடத்திலும் 2011-இல் வேறோரிடத்திலும் கரை சரிந்தது. அப்படிச் சரிந்த பிறகு, மேலே எவ்வளவு அழகான எஞ்சின் இருந்து என்ன பயன்?

அந்தச் செங்கற்களுக்குப் பின்னால் உயிர்களும் உண்டு. 1903 நவம்பரில், இப்பாதைக்காக டாடிங்டன் அருகே பெரிய பாலம் கட்டியபோது வளைவுகள் இடிந்து விழுந்து தொழிலாளர் நால்வர் இறந்தார்கள். இன்றைய மன்றாட்டில் அவர்களையும் நினைத்துக்கொள்வோம்.

கண்ணில் படாத இத்தகைய உழைப்பாளிகள் திருநூலிலும் உண்டு. நெகேமியா நூலின் மூன்றாம் அதிகாரத்தை வெறும் பெயர்ப்பட்டியல் என்று நாம் தாண்டிப் போய்விடுகிறோம். தாண்டாதீர்கள். எருசலேமின் மதிலைப் பழுதுபார்த்தவர்கள் அங்கே வரிசையாக நிற்கிறார்கள். பொற்கொல்லர் இருக்கிறார், நறுமணத் தைலம் செய்பவர் இருக்கிறார். சல்லூமோடு அவருடைய புதல்வியரும் வேலை செய்கிறார்கள். குப்பை வெளியேறும் வாயிலை எடுத்துக் கட்டியவர் ஒரு மாவட்டத்தின் தலைவர்! இவ்வளவு பேரையும் மறக்காமல் எழுதிவைத்திருக்கிறது திருநூல். மறைவில் செய்வதையும் காண்கிற தந்தை நம் கடவுள்.

நான் உங்களோடு சிந்திக்க விரும்புவது, அந்த மதகுகளில் தன்னார்வலர்கள் அடைக்கும் சாந்தைப் பற்றி. பழைய செங்கல் கட்டடங்களைப் பழுதுபார்ப்பவர்களிடம் ஒரு விதி உண்டு: சாந்து செங்கல்லைவிட மென்மையாக இருக்கவேண்டும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவருக்குக் கெட்டியான சிமெண்டைப் பூசினால் பார்ப்பதற்குப் பலமாகத்தான் இருக்கும். ஆனால் சுவருக்குள் ஊறிய ஈரம் இடுக்கு வழியாக வெளியேற முடியாமல் செங்கல்லுக்குள்ளேயே தங்கிவிடும். குளிர்காலத்தில் அது உறைந்து விரியும்போது செங்கல்லின் முகம் பொரிந்து உதிரும். சிமெண்ட் அப்படியே நிற்கும்; அது காக்கவேண்டிய கல்தான் போய்விடும். சுண்ணாம்போ இளகிக் கொடுக்கும், ஈரத்தைத் தன் வழியே விடும். காலப்போக்கில் தேயவேண்டியிருந்தால் தானே முதலில் தேயும்.

அன்பானவர்களே, நம் வீட்டில் தவறிய மகனை, சொல் மீறிய மருமகளை, குடியிலிருந்து மீள முயன்று மறுபடி விழுந்த கணவரை எதைக்கொண்டு நாம் ஒட்டவைக்கப் பார்த்தோம்? நாம் சொன்னது நியாயமாகவே இருந்திருக்கலாம். ஆனால் அவர்களுடைய கண்ணீர் வெளியே வர ஓர் இடுக்காவது விட்டோமா? திருத்துகிறேன் என்று பேசிய பேச்சில் நம் வார்த்தை நின்று, மனிதர் உதிர்ந்துபோனதுண்டா?

ஆண்டவர் பேதுருவை எப்படிச் சேர்த்துக்கொண்டார் என்று பாருங்கள். கரியால் மூட்டிய தீயருகே நின்று மும்முறை மறுதலித்தவர் பேதுரு. உயிர்த்த ஆண்டவரும் திபேரியக் கடற்கரையில் கரியால் தீ மூட்டித்தான் காத்திருக்கிறார். முதலில் சாப்பிட அழைக்கிறார். இரவெல்லாம் வலைவீசிக் களைத்தவர்களுக்கு அப்பமும் மீனும் கொடுக்கிறார். அதன்பிறகுதான் கேள்வி. மறுதலித்த அந்த இரவைப் பற்றி ஒரு சொல் இல்லை, ஏன் அப்படிச் செய்தாய் என்று இல்லை. அன்பு செய்கிறாயா என்று மட்டும் மும்முறை கேட்கிறார். பேதுரு மனம் வருந்தினார் என்கிறது நற்செய்தி; அந்த வருத்தத்திற்கும் ஆண்டவர் இடம் கொடுத்தார். பிறகு தம் ஆடுகளையே அவர் கையில் ஒப்படைத்தார்.

உங்களில் சிலர் பல ஆண்டுகளாக ஒப்புரவு அருள்சாதனத்துக்கு வரவில்லை என்பதை அறிவேன். உள்ளே இருப்பதைப் பிறர் பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். அந்த இருட்டுக்கும் சேற்றுக்கும் ஆண்டவர் முகம் சுளிப்பதில்லை. குனிந்து நுழைவதற்காகத்தானே அவர் மனிதரானார்! இந்தச் சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்கு முன் நான் ஒப்புரவுக்காக அமர்ந்திருப்பேன். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால், சாமி, தெரியவில்லை என்றே தொடங்குங்கள். மற்றதைச் சேர்ந்தே பார்த்துக்கொள்வோம்.