நாற்பது நாற்காலி

சரவணம்பட்டியில் ஒரு மொட்டைமாடியில் எங்கள் வாசிப்புக் கூட்டம் ஏழு பேரோடு தொடங்கியது. எல்லோரும் ஒரே ஐடி கம்பெனி. தரையில் வட்டமாக உட்கார்ந்து ஒரு கதையை எடுத்துப் பேசுவோம். படிக்காமல் வந்தவன் ரெண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வான். இப்போது நாற்பது நாற்காலி வாடகைக்கு எடுக்கிறோம், மைக் வேறு. அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைப்பானேன்.

போன மாதம் ஒரு நாவலைப் பாதிதான் படித்திருந்தேன். ஆனாலும் மைக்கைப் பிடித்துப் பதினைந்து நிமிடம் பேசினேன். கைதட்டினார்கள். முடிந்து படியிறங்கும்போது கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி சொன்னான்: "முழுசாப் படிச்சுட்டு வந்தனுங்ணா. குறிப்புக்கூட எழுதி வச்சிருந்தேன். பேசத்தான் நேரமில்லாமப் போச்சு." குறை சொல்லும் தொனியே இல்லை. அதுதான் சுட்டது.

ஏழு பேராகவே இருந்திருந்தால் யோக்கியமாக இருந்திருப்போம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஏழு பேருக்குள் இந்தத் தம்பி வந்திருக்கவே முடியாது. 1971இல் கோவையில் வானம்பாடிக் கவிஞர்கள் தங்கள் இதழை விலை வைக்காமல் கொடுத்தார்கள். முன்பின் தெரியாதவன் கைக்கும் போகட்டும் என்றுதான் அதை நான் புரிந்துகொள்கிறேன். விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் 2010இல் ஆ. மாதவனுக்கு முதல் விருது கொடுத்தது. பிற்பாடு அது இரண்டு நாள் விழாவாக வளர்ந்தபோது, எழுத்தாளரை வாசகர்கள் நேருக்கு நேர் கேள்வி கேட்கும் அமர்வுகளும் சேர்ந்தன. நாங்களோ நாற்காலியை மட்டும் கூட்டினோம்.

வானம்பாடியில் இருந்த கோவை ஞானியை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். சர்க்கரை நோயால் பார்வை போன பிறகும், 2020இல் இறக்கும்வரை பல பத்தாண்டுகள், பிறர் வாசிக்கக் கேட்டும் சொல்லி எழுதவைத்தும் இயங்கிய விமர்சகர். ஒருவர் வாசிக்கிறார், ஒருவர் கேட்கிறார். கூட்டம் அவ்வளவுதான். வாசிப்பவர் ஒரு பக்கத்தைத் தாண்டிப் போனால், கேட்பவருக்கு அந்தப் பக்கமே இல்லை. நான் தாண்டியது பாதி நாவலை. மாடியில் இருந்த சிலர் என் பேச்சை நம்பி, இனி அந்தப் புத்தகத்தைத் தொடாமலே போகலாம். ஏழு பேரில் ஒருத்தனாவது "ஏப்பா, கடைசி வரைக்கும் படிச்சியா?" என்று கேட்டிருப்பான். நாற்பது பேரில் கேட்பதற்குக் கூச்சம். அந்தக் கூச்சத்துக்குப் பின்னால்தான் நான் ஒளிந்துகொண்டேன்.

அடுத்த மாதம் முதல் முக்கால் மணி நேரம் மைக் கிடையாது, நாலு வட்டமாகப் பிரிந்து உட்காரலாம் என்று வாட்ஸப் குழுவில் போட்டிருக்கிறேன். "டியூஷன் மாதிரி இருக்குங்க" என்று ஒருவர் பதில் போட்டார். இருக்கட்டும்.

நாவலின் மிச்சத்தை நேற்று ராத்திரிதான் முடித்தேன். மைக்கில் நான் அடித்துச் சொன்ன விஷயம் கடைசி அத்தியாயத்தில் அப்படியே தலைகீழாகிறது. தம்பிக்கு அது அன்றைக்கே தெரிந்திருக்கும். அவன் குழுவிலும் இல்லை, நம்பரும் நான் வாங்கி வைக்கவில்லை.